தொட்டியடிப் பாசி

தங்கலட்சுமி மதினி கட்டை விளக்குமாற்றால் கொல்லைத் தண்ணீர்த்தொட்டிச் சுவரில் குட்டி இலைகளோடு படர்ந்திருந்த பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்கு மேல் மல்லாங்கிணற்றிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். வருகிறவர்கள் தொட்டியையா பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டால் மதினிக்குக் கோபம் வரும். திருச்சுழியில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தாவரவியல் நடத்துகிறேன். வயது முப்பத்து நான்கு. வேண்டாம் என்று சொல்லும்போதெல்லாம் அண்ணன் காரணம் கேட்பான், பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று எழுந்துவிடுவேன். இன்று தட்டு மாற்றிவிட்டால் பிறகு பேச்சுக்கே இடமில்லை. அண்ணன் பழம் வாங்கப் போயிருந்தான்.

“தீவாளிக்கு உள்ளங்கை அகலந்தான் இருந்துச்சு. தேய்க்கத் தேய்க்கல்ல பரவுது, சனியன்.”

“நீங்கதான் மதினி பரப்புறீங்க. பிஞ்சு விழுற துணுக்கெல்லாம் தனிச் செடியாயிரும்.”

“வெதையில்லாமயா?”

“இதுக்கு வெதையே கெடையாது. ஆணும் பொண்ணும் தனித்தனிச் செடி. லென்சு வச்சுப் பாத்தேன், இங்கன இருக்கிறது பூராம் பொண்ணு. ஆண் செடி இருந்தாலும் அதோட உயிரணு தண்ணியில நீந்தித்தான் வரணும்.”

“நம்ம ஊருல தண்ணிக்கு எங்க போறது அது?” என்று சிரித்தவள், தேய்ப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். “ஏன் டீச்சரம்மா, நீயும் இப்படித்தான்னு சொல்ல வாரியா?”

பாசிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள நல்ல வாய்ப்பு. ஆனால் அது பொய்.

“இல்ல மதினி. பக்கத்துல ஆண் இருந்தா பாசியும் கருப்பிடிக்கும். எனக்கு அந்த நெனப்பே வரல. ஆம்பள மேலயும் இல்ல, பொம்பள மேலயும் இல்ல. ஒருநாளும் வந்ததில்ல.”

டாக்டர், கோயில், பரிகாரம் என்று ஏதாவது வரும் என நின்றிருந்தேன்.

“சோறு தண்ணி, தூக்கமெல்லாம் நல்லாத்தான இருக்கு?”

தலையாட்டினேன்.

“சந்தோசமா இருக்கியா?”

“இன்னைக்குத் தவிர.”

மதினி இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். “என்னங்க, மல்லாங்கிணத்துக்காரவுகள வர வேண்டாம்னு சொல்லிருங்க. பிள்ளைக்கு இஷ்டமில்ல. எதுவா இருந்தாலும் எங்கிட்டக் கேளுங்க, அவகிட்டக் கேக்காதீங்க.”

இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த மறுநாளே எனக்குச் சடை பின்னிவிட்ட கை அது. நன்றி என்றால் அடிக்க வருவாள். மனசு நிறைந்து, தொட்டியில் சாய்ந்து அழுதேன்.

“போதும் போதும், மூஞ்சியக் கழுவு.”

வாளியில் மிஞ்சிய தண்ணீரைச் சுவரில் ஊற்றினாள். தேய்க்காமல் விட்ட ஓரத்தில் காய்ந்து சுருண்டிருந்த பாசி மெல்ல இலை விரித்தது. சற்று நேரத்தில் தெருமுனையில் அண்ணனின் பைக் சத்தம் கேட்டது. நான் வாசலுக்கு நகர்ந்தேன்.

“நீ இரு,” என்று மதினி எனக்கு முன்னால் நடந்தாள். விளக்குமாற்றைக் கீழே வைக்க மறந்திருந்தாள்.