பாம்புக்காது

கார் ஸ்டீரியோ வேலையில் அவருக்குப் பட்டப்பெயரே பாம்புக்காது. எந்த ஸ்பீக்கர் பிசிறடிக்கிறது என்று தெருமுனையில் நின்றே சொல்லிவிடுவார் என்று ஒரு பேச்சு. அவரும் அதை மறுத்ததில்லை. தானாக வந்த பெருமையை யார்தான் வேண்டாமென்பார்கள்?

போன மாதம் ஒரு பாட்டு டீச்சரின் காருக்குப் புது ஆம்ப்ளிபயர் மாட்டிக் கொடுத்தார். மறுநாளே டீச்சர் வந்து, வண்டி ஓடும்போது 'வீ' என்று மெல்லிசாக ஒரு சத்தம் கேட்கிறது என்றார். இவர் உள்ளே உட்கார்ந்து, எஞ்சினை உறுமவிட்டு, கண்ணை மூடிக் கேட்டார். ஒன்றும் இல்லை. வண்டியில் கோளாறில்லை, எதற்கும் டாக்டரிடம் காதைக் காட்டிப் பாருங்கள் என்று சிரித்தபடி அனுப்பிவைத்தார். சொன்னது பாம்புக்காதாயிற்றே, டீச்சர் நம்பிவிட்டார்.

இன்று டீச்சர் வந்தது எல்லாவற்றையும் கழற்றிவிடச் சொல்லி. அந்தச் சத்தத்தைக் கேட்டாலே மனசு ஆடிப்போகிறதாம். டாக்டரிடம் போகவும் பயம். கெட்டுப்போன காதை வைத்துக்கொண்டு பிள்ளைகளின் சுருதியைக் கெடுக்கக் கூடாதென்று பாட்டு வகுப்பையே நிறுத்திவிட்டாராம். சொல்லிவிட்டு முன்னறை நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வண்டிகளை ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்துவது எப்போதும் பாம்புக்காதின் மனைவிதான். டீச்சரின் வண்டியிலிருந்து இறங்கியவள் அவரை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"என்னங்க, இதுல வீன்னு கத்துதே. ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த ஏறுது. உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை. ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்தும் கேட்கவில்லை. காலமெல்லாம் பெரிய பெரிய பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நேர்முன்னால் உட்கார்ந்து அலறவிட்டுப் பார்த்த காது. மெல்லிசான சத்தமெல்லாம் எப்போது கைவிட்டுப் போனது என்றுகூடத் தெரியவில்லை. அதை வைத்துக்கொண்டு ஒரு பாட்டுக்காரியின் காதைக் குறை சொல்லியிருக்கிறார்.

பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தால் வண்டவாளம் வெளியே வந்தது. பெயிண்டைச் சுரண்டிவிட்டு, வெறும் இரும்பில் ஆம்ப்ளிபயரின் எர்த் வயரை முடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் எஞ்சினின் இரைச்சல் ஸ்பீக்கரில் ஏறிவிடும். அன்றைய அவசரத்தில் பெயிண்டின் மேலேயே முடுக்கியிருந்தார். புதிதாகத் தொழிலுக்கு வந்தவன்கூடச் செய்யமாட்டான். உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப முடுக்கிவிட்டு, மனைவியை உட்காரவைத்து எஞ்சினை ஏற்றச் சொன்னார். சத்தம் நின்றுவிட்டது என்றாள். ஏதோ லூசாக இருந்தது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள் என்றும் சொன்னாள். அவர் நாக்கிலும் அதுதான் தயாராக இருந்தது.

டீச்சரைக் கூப்பிட்டு, கழற்றுவதற்கு முன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்றார். டீச்சர் உட்கார்ந்தார். எஞ்சின் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. டீச்சரின் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"தம்பி, இப்ப அதுவும் கேக்கல. மேல் சுருதியே போயிடுச்சா எனக்கு?"

தயாராக வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டு, அவர் கார்க் கதவருகே போனார். ஷெட்டில் வேலை பார்த்த இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"உங்க காதுக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். சத்தம் நெஜமாவே இருந்துச்சு, என் வேலையில வந்த தப்பு. எனக்குத்தான் அது கேக்கல. என் காதுதான் போச்சு."

திட்டுவார் என்று தலையைக் குனிந்து காத்திருந்தார். டீச்சர் திட்டவில்லை. எஞ்சினை அணைத்தார்.

"எல்லாப் பிள்ளைங்களையும் அனுப்பிட்டேனே தம்பி" என்றார்.

அவ்வளவு மெதுவாகச் சொன்னது மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.