அக்கா போட்ட கிறுக்கல்

மூன்று கையெழுத்தும் மூன்று விதமாக இருந்தன. பாகப் பத்திரத்தில் ‘பழனியம்மாள்’ என்று எழுத்து எழுத்தாக இருந்தது. கடன் படிவத்தில் ஒரு சுழி, ஓர் இழுப்பு. அடுத்த படிவத்தில் கோழி கிளறிய மாதிரி ஏதோ ஒன்று.

நோட்டரி வக்கீல் கமர்ஜஹான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

“கையெழுத்து ஒத்துப்போகலைன்னு பேங்க்ல ரெண்டு தடவ திருப்பிட்டாங்க மேடம்” என்றான் சோலைமலை. “எல்லாம் எங்க அக்கா போட்டதுதான்னு ஒரு அபிடவிட்ல சீல் வச்சுக் குடுங்க. லாரி வாங்கணும். ஒட்டன்சத்திரத்துல இருந்து கேரளாவுக்குக் காய் லோடு ரெடியா இருக்கு.”

அடமானம் வைக்கப்போவது சேவுகம்பட்டியில் அக்கா, தம்பி இருவர் பேரிலும் உள்ள தோட்டம்.

“அப்பா பேரு என்னம்மா?” என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கேட்டாள் கமர்ஜஹான்.

“கருப்பண்ணன்” என்றான் சோலைமலை.

“நீங்க எங்கம்மா வேலை பாக்குறீங்க?”

“வேடசந்தூர் மில்லுல” என்றதும் அவனே.

கமர்ஜஹானுக்கு உறுத்தியது. போன வருஷம் ஒருவன் அம்மா என்று சொல்லிச் சின்னம்மாவைக் கூட்டிவந்தான். ஆதார் படமோ பத்து வருஷப் பழசு. அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

“ஆதாருக்கு ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் வேணும். நீங்க போய் எடுத்துட்டு வாங்க.”

அவன் அரைமனதாகப் படியிறங்கினான்.

“இடமும் தேதியும் நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா.”

அந்தப் பெண் பேனாவை வாங்கினாள். திண்டுக்கல் என்றும், கீழே தேதியும் அச்சடித்த மாதிரி விழுந்தன. அதற்கும் கீழே, மறுபடி கோழிக் கிளறல்.

கமர்ஜஹான் கதவைச் சாத்தினாள். “ஊர் பேரு இம்புட்டு அழகா எழுதுறீங்க. உங்க பேரு மட்டும் வர மாட்டேங்குதா? யாரும்மா நீங்க? உண்மையச் சொல்லலேன்னா போலீசக் கூப்பிட வேண்டியிருக்கும்.”

“நான் பழனியம்மாதான் மேடம்.” அவள் குரல் இறங்கியது. “வேணும்னுதான் கிறுக்குறேன். பேங்க்காரவுகளே வேணாம்னு தள்ளிருவாகன்னு பாத்தேன். எம்புருசன் போனப்புறம் எனக்குன்னு இருக்கறது அந்தத் தோட்டம் ஒண்ணுதான். தம்பி முன்னாடி வாங்குன வண்டியவே தவணை கட்டாம வித்துட்டான்.”

“முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“ஆவணியில எம்மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் இவன் ஒருத்தன்தான். கோவிச்சுக்கிட்டு வராம போயிட்டான்னா, மாப்பிள்ளை வீட்டுக்காரவுக முன்னாடி சீர்த்தட்டத் தூக்க யாரு இருக்கா?”

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. “பேசாம இருங்க, நான் பாத்துக்கறேன்” என்று கதவைத் திறந்தாள் கமர்ஜஹான்.

“சாரி சார். கையெழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒத்து வரல. சீல் வைக்க முடியாது.”

சோலைமலை தாள்களைப் பார்த்தான். அச்சடித்த மாதிரி இருந்த தேதியைப் பார்த்தான். பிறகு அக்காவின் விரல்களையே வெகுநேரம் பார்த்தான்.

“அதான் கிறுக்கிக்கிட்டே இருந்தியாக்கும்? சரி, விடு. மேடம், கைநாட்டு வச்சா செல்லும்ல?”

“செல்லும். ஆனா…”

அவன் மேசையிலிருந்த மைப்பெட்டியைத் திறந்து அக்கா முன்னால் தள்ளினான். “வையிக்கா.”

ரேகையைக் கிறுக்க முடியாது. பழனியம்மாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“வைக்க மாட்டேன்டா.”

“ஓஹோ! அப்ப கல்யாணத்துக்கு நான் வரணுமா, வேணாமா?”

“தாய்மாமனா வா. தோட்டத்தக் கேட்டுக்கிட்டு வராத.”

அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு இறங்கினான். பைக் உறுமியது. ஆனால் கிளம்பிப் போன சத்தம் கேட்கவில்லை. கமர்ஜஹான் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். முகம் தெரியவில்லை.

“அவர் பைக்ல ஏறாம பஸ்லயே போயிருங்கம்மா. எனக்கு என்னமோ சரியாப் படல.”

“எனக்கும்தான் மேடம். ஆனா இப்ப பஸ்ல போனேன்னா, அப்புறம் அவன் எந்த விசேஷத்துக்கும் வர மாட்டான்.” எழுந்த பழனியம்மாள், பாகப் பத்திரத்தைக் கமர்ஜஹானிடம் நீட்டினாள். “இது மட்டும் உங்ககிட்ட இருக்கட்டும். இது இல்லாம தோட்டத்த அடமானம் வைக்க முடியாதுல்ல. கல்யாணம் முடிஞ்சதும் வந்து வாங்கிக்கறேன்.”