புட்டுக்குள் தூள்

அது மாரி தொடங்கிய பிறகா, அதற்கு முன்னரா என்பதில் எனக்கு இப்போதும் தெளிவில்லை. கோசலா அன்று கட்டிக்கொண்டு போனது புட்டென்றுதான் நினைக்கிறேன். இடியப்பம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவள் என்ன சொல்லப் போனாள் என்பதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகமில்லை.

அவளுடைய கணவன் ஜெயரூபன், மண்கும்பானில் அனுமதியில்லாமல் மணல் ஏற்றிய உழவு இயந்திரத்தோடு பிடிபட்டு மறியல் சிறையில் இருந்தான். இயந்திரம் சரவணை ஊர் வல்லிபுரத்தாருடையது. ஏற்றச் சொன்னதும் அவர்தான். 'எல்லாம் என்ரை வேலை எண்டு நீர் ஒப்புக்கொள்ளும், மிச்சத்தை நான் பாக்கிறன்' என்று அவனுக்கு ஆள்விட்டுச் சொல்லியிருந்தார். மறுநாள் வழக்கு. ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு அந்த ஒரு சந்திப்புத்தான் இருந்தது.

மறியல் சாப்பாடு வாயில் வைக்க ஏலாது என்று அவன் முன்பு குறைப்பட்டிருந்தான். வீட்டில் வறுத்து இடித்த தூளில் கொஞ்சத்தைப் பொலித்தீனில் முடிந்து புட்டுக்குள் புதைத்திருந்தாள். போனமுறை வெளியே தெரிய வைத்த ஊறுகாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

வாசலில் காவலர் கரண்டியால் புட்டைக் கிளறினார். முடிச்சு வந்தது.

"இது என்ன?"

"தூள், சேர்."

தெற்கிலிருந்து வந்தவர் அவர். தமிழ் கொஞ்சம்தான் தெரியும். போதைப்பொருளுக்கு ஆட்கள் சொல்லும் அந்தச் சொல் நன்றாகவே தெரியும். உடனே எழுந்து அவளுடைய பையைப் பறித்தார்.

"ஐயோ பிள்ளை, கறித்தூள் எண்டு முழுசாச் சொல்லும்!" என்று வரிசையில் ஒருவர் சிரித்தார். "இல்லாட்டி மனுசனுக்குப் பக்கத்திலை உமக்கும் பாய் விரிச்சிடுவாங்கள்."

"உங்களுக்குப் பகிடி, அண்ணை" என்றாள் கோசலா.

பெண் காவலர் தர்சினி முடிச்சை அவிழ்த்து மணந்து பார்த்து, இரண்டுமுறை தும்மினாள். கறித்தூள்தான் என்று அவருக்குச் சிங்களத்தில் சொன்னாள். அவர் தலையாட்டவில்லை.

"ஒளிச்சுக் கொண்டுவந்தது. என்ன தூள் எண்டாலும் பிழை. பொலிஸ் வரும்."

கோசலா தர்சினியின் கையைப் பிடித்தாள். "அக்கா, அவரிட்டை ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ. நாளைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாமாம் எண்டு. அவ்வளவுதான்."

"ஏலாது தங்கச்சி. கைதிக்குச் சேதி கொண்டுபோறதுக்கும் தடை. என்ரை வேலை போயிடும்."

கோசலாவுக்கு ஆரைத் திட்டுவதென்று தெரியவில்லை. சட்டத்தையா, காவலரையா, தன் வாயையா? வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். உள்ளே ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. ஜெயரூபனின் பெயரையும் கூப்பிட்டார்கள். எழும்பினாள், இருக்கச் சொன்னார்கள். இன்னொருமுறை கூப்பிட்டார்கள். பிறகு அடுத்த பெயர்.

பொலிசார் வந்து வாக்குமூலம் எடுத்து முடித்தபோது பார்வை நேரமும் முடிந்திருந்தது.

மறுநாள் ஜெயரூபன், மனைவியும் வராமல் விட்டுவிட்டாள் என்று எண்ணி, எல்லாம் தன் வேலை என்று ஒப்புக்கொண்டான். சிறைத்தண்டனை கிடைத்தது. வல்லிபுரத்தார் தனக்கு ஒன்றும் தெரியாதென்று சொல்லி இயந்திரத்தை மீட்டுக்கொண்டார். கோசலாவை நீதவான் எச்சரித்து விடுவித்தார். தர்சினி மன்னாருக்கு மாற்றலாகிப் போனாள். காவலர் ஓய்வுபெற்று ஊர் திரும்பினார். ஜெயரூபன் வெளியே வந்து இப்போது சாட்டிக் கடற்கரையில் கச்சான் கடலை விற்கிறான். கோசலா அவனோடுதான் இருக்கிறாள். இருவரும் அதிகம் பேசுவதில்லை.