அதிராத பலகை

“பல்லெல்லாம் ஆடுதுக்கா. மூக்கு வேற அரிக்குது.”

“அரிச்சா சொறிஞ்சுக்கோ. காலை மட்டும் எடுக்காத, இன்னும் இருபது செகண்டு இருக்கு.”

ஸ்டாப்வாட்சைப் பார்த்தபடி சொன்னவள் கைப்பந்து அணியின் பிசியோ. பல் ஆடியவளை எல்லோரும் ஒட்டகம் என்பார்கள், கழுத்து அப்படி. அவள் முழங்காலை மடக்கி நின்றிருந்த அதிர்வுப் பலகை, எடை பார்க்கும் இயந்திரத்தைவிடக் கொஞ்சம் பெரியது. முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஆயிரம் வண்டுகள் ஒன்றாக விழித்துக்கொண்டதுபோல உறுமும். மேலே நிற்பவளின் கன்னம், தொடை, குரல் எல்லாம் நடுங்கும். ஒரு நிமிடம் இப்படி நின்றால் போதும், ஓட வேண்டாம், குனிந்து நிமிர வேண்டாம், உடம்பு ஆட்டத்துக்குச் சூடாகிவிடும் என்று அதை விற்க வந்தவன் சொல்லியிருந்தான்.

விற்க வந்தவன் பிசியோவின் கொழுந்தன். அவனைக் கோச்சிடம் அழைத்து வந்ததும் அவள்தான்.

வெறுங்காலோடுதான் ஏற வேண்டுமாம். காலையிலிருந்து பதினோரு பேர் ஏறி இறங்கிவிட்டார்கள். பலகையின் ரப்பர் வரிகளில் வியர்வை சாம்பல் நிறத்தில் தேங்கியிருந்தது. யாருடைய குதிகாலிலிருந்தோ கழன்ற பிளாஸ்திரி ஒன்று அதில் ஒட்டிக்கொண்டு, இயந்திரம் ஓடும்போதெல்லாம் உயிர் வந்ததுபோல் துள்ளியது. ஜன்னல் இல்லாத அறை. கொழுந்தன் பிஸ்கட் தின்ற விரல்களை, பிசியோ துவைத்து மடித்து வைத்திருந்த துண்டில் துடைத்துக்கொண்டான். அவள் மீதித் துண்டுகளை அவன் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்தாள்.

ஒட்டகம் இறங்கினாள். விரல்களைச் சுண்ணப்பொடியில் தோய்த்து, சுவரோரம் நின்று எம்பி அடித்தாள். சுவரில் ஒட்டியிருந்த கறுப்பு அட்டையில் மூன்று வெள்ளை விரல்கள் பதிந்தன. கோச் ஸ்டூலில் ஏறி அளந்தார்.

“போன வாரத்தவிட ரெண்டு சென்டி கூட. பாத்துக்குங்க அண்ணி,” என்றான் கொழுந்தன்.

மிச்சம் இருந்தவள் பூனை. எவ்வளவு உயரத்திலிருந்து இறங்கினாலும் சத்தம் கேட்காது என்பதால் அந்தப் பெயர். அணியில் பதினோரு பேர் முடிவாகிவிட்டார்கள். பன்னிரண்டாவது இடத்துக்கு ஒட்டகமா பூனையா என்பதுதான் பாக்கி. இன்றைய குதிப்பை வைத்தே அதையும் முடித்துவிடலாம், மெஷின் சோதனை, ஆள் தேர்வு இரண்டும் ஒரே வேலையாகிவிடும் என்று கோச் காலையிலேயே சொல்லிவிட்டார்.

சீட்டுக் குலுக்கியதில் பூனைக்கு வந்தது, ஓடாத இயந்திரம். ஒப்பிட்டுப் பார்க்கப் பாதிப் பேர், பொத்தானை அழுத்தாத பலகையில் அப்படித்தான் நிற்க வேண்டும். அவர்கள் ஓடக்கூடாது, கைகாலைக்கூட உதறக்கூடாது; உதறினால் சோதனை கெட்டுப்போகுமாம். அரைமணி நேரம் பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்த பூனை எழுந்து வந்து, அத்தனை பேர் மிதித்த ஈரத்தில் காலை வைத்தாள். கட்டைவிரல்கள் சுருண்டுகொண்டன. டிரைவர் இறங்கிப்போன பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவளைப் போல ஒரு நிமிடம் நின்றாள். பிறகு எம்பினாள்.

“ஒட்டகத்தவிட ஆறு சென்டி கம்மி,” என்றார் கோச். “சரி, டீமுக்கு ஒட்டகமே வரட்டும்.”

“சார், அது உக்காந்தே விறைச்சுப்போன உடம்பு,” என்றாள் பிசியோ. “கிரவுண்டை ரெண்டு சுத்து ஓடிட்டு வந்து குதிக்கட்டும். அப்புறம் ரெண்டு பேரையும் ஒப்பிடுங்க.”

“ஓடிட்டு வந்தா எல்லாரும்தான் குதிப்பாங்க. அப்புறம் மெஷின் எதுக்கும்மா?”

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

“நம்ம வீட்டு ஆளே இப்படி நோண்டுனா எப்படி அண்ணி?” என்றான் கொழுந்தன். “நீங்க எந்தக் கட்சி?”

“இந்தப் பிள்ளைங்களுக்குக் கால் பிடிச்சு விடுற கட்சி, தம்பி. நீ அந்தத் துண்டை முதல்ல கீழ வை.”

கோச் தாளை நீட்டினார். “கையெழுத்து போட்டுக் குடும்மா. மத்தியானத்துக்குள்ள லிஸ்ட் போகணும்.”

பெயர்கள், உயரங்கள், கடைசிக் கட்டத்தின் தலைப்பு: வார்ம்-அப் முடிந்தது. ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் பச்சை மையில் டிக். அவளுடைய டிக்தான். ஒன்பது வருடமாக எல்லா ஆட்டத்துக்கும் முன்னால் போடுவதுபோல, யாரும் ஷூவைக்கூடக் கழற்றாத காலை நேரத்தில், தலை நிமிராமல் வரிசையாகப் போட்டுவிட்டிருந்தாள். இப்போது அதைப் பார்க்க, யாரோ பல் தேய்த்த பிரஷ்ஷைத் தெரியாமல் வாயில் வைத்துவிட்டதுபோல இருந்தது.

பூனை ஷூக்களைக் கையில் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். அழவில்லை. தாளை எட்டிப் பார்த்தாள், கோச்சைப் பார்த்தாள், பிறகு கேட்டாள்.

“அக்கா, என் பேருக்கு நேரா இருக்கிற டிக்கை வெட்டிட்டு, இவ உடம்பு சூடேறாமத்தான் குதிச்சான்னு எழுதிக் குடுங்களேன்.”