படுகள ராஜாவின் முகம்

லோகுவுக்கும் வரதனுக்கும் இந்தச் சண்டை வருஷா வருஷம் வரும். மனுஷனை அதிகமாக ஆட்டிவைப்பது கண்ணால் பார்க்கிற உருவமா, காதால் கேட்கிற பாட்டா? சிப்காட் டீக்கடையில் இதற்காக எத்தனையோ டீ ஆறிப்போயிருக்கிறது. ஆனால் பேசுவதற்கு இரண்டு பேருக்கும் உரிமை இருந்தது. லோகு இரும்பு வார்க்கிற கம்பெனியில் மண்ணச்சு பிடிக்கிறவன். ஊர் அம்மன் திருவிழாவின் கடைசி நாள் படுகளம். அன்றைக்குக் கோயில் திடலில் மல்லாக்கக் கிடக்கும் மண் ராஜாவைச் செய்கிறவனும் அவன்தான். வரதன் அத்திப்பட்டு பவர் பிளான்ட்டில் கான்ட்ராக்ட் ஆள். பாரதக் கதைப்படி தொடை பிளந்து சாகும் அந்த ராஜாவின் தாயாகப் புடவை கட்டிக்கொண்டு வந்து ஒப்பாரி பாடுகிறவன்.

“உன் மண்ணு கண்ணோட நின்னுடும் நைனா. என் பாட்டு வயித்துல போயி பெசையும்,” என்பான் வரதன்.

“மூஞ்சி இல்லாம எவனுக்குடா அழுவாங்கோ? நான் பண்ணிக் குடுக்கலன்னா வெறுந்தரைய பாத்தா பாடுவ?”

“அவங்கோ ராஜாவுக்கா அழுவுறாங்கோ? அவங்கவங்க ஊட்டு சாவ நெனச்சிக்கினு அழுவுறாங்கோ. நான் கதவத் தொறந்து உடுறேன், அவ்ளோதான்.”

இந்த வருஷம் லோகு வாதாடவில்லை. டீயைக் குடித்துவிட்டு, “இந்த வாட்டி உன் பாட்டு எடுபடாது வரதா,” என்று மட்டும் சொன்னான். அவன் மனதில் ஒரு முகம் இருந்தது. அது ராஜாவின் முகம் இல்லை.

அது ராஜமாணிக்கத்தின் முகம். கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர், ஊரில் இந்த வருஷத் திருவிழாக் கமிட்டித் தலைவர். இடது புருவத்தை இரண்டாக வெட்டிய தழும்பும், தூங்கும்போதுகூட மூடாத தொங்கல் உதடும் அவனுக்கு அடையாளம். போன வருஷம் லோகுவின் அண்ணன் சின்னராசு உருக்கின இரும்பு வாளிக்கு அடியில் மாட்டிச் செத்தான். வாளியைத் தூக்கும் சங்கிலி தேய்ந்துபோயிருக்கிறது என்று இரண்டு தடவை ராஜமாணிக்கத்திடம் சொல்லியிருந்தான். “இந்த ஷிப்ட் ஓடட்டும், அப்பறம் பாத்துக்கலாம்” என்பதுதான் கிடைத்த பதில். ஷிப்ட் ஓடவில்லை, சங்கிலிதான் போனது. விசாரணைக்கு ஆட்கள் வந்தபோது ராஜமாணிக்கம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்: “குடிச்சிட்டு வந்திருந்தான் சார், கிட்ட போனா நெடி அடிச்சிது.”

சின்னராசு குடியைத் தொட்டதே இல்லை என்று புளுக வேண்டாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவன் போதையில் பாடுவதைத் தெருவே கேட்டிருக்கிறது. ஆனால் செத்த அன்று அவன் கையில் காப்பு இருந்தது. தீ மிதிக்க வேண்டிக்கொண்டு மஞ்சள் காப்பு கட்டிக்கொண்டவன் ஒரு சொட்டுத் தொடமாட்டான். அந்த ஊரில் திருடன்கூடத் தொடமாட்டான். அதனால்தான் அந்த ஒரு வாக்கியம் வாளியைவிட மோசமாக விழுந்தது. “காப்பு கட்டிக்கினு குடிச்சான், ஆத்தா உடுவாளா?” என்றது ஊர். அறுந்த சங்கிலியைப் பற்றிப் பேச்சே இல்லை. எல்லாம் அம்மன் கணக்கில் போய்விட்டது.

இன்னொரு கொடுமையும் இருந்தது. காப்பு கட்டின ஊரில் சாவு அழக் கூடாது. அதனால் பிணம் வீட்டுக்கே வரவில்லை. கவர்மென்ட் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்குப் போனது. மேளம் இல்லை, ஒப்பாரி இல்லை. அம்மா கன்னியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அன்று அடைத்தது அடைத்ததுதான். அதற்குப் பிறகு ஆடி மாதக் கூழுக்குக்கூட அவளை யாரும் கூப்பிடவில்லை. தண்ணீர்க் குழாயடியில், ‘குடிகாரனப் பெத்தவ’ என்றால் அது யார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

லோகு ஒரு வருஷம் காத்திருந்தான். அடிக்கலாம், அடித்தால் தனக்குப் போலீஸ் ஸ்டேஷன், கேஸ், ராஜமாணிக்கத்துக்கு வெறும் தலைவலி. ஊர் மொத்தமும் அடிக்க வேண்டும், அதற்கு ஒரு வழிதான் இருந்தது. படுகளத்தன்று பெண்கள் வரிசையாக வந்து மண் ராஜாவைத் துடைப்பத்தால் அடிப்பார்கள். வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அது சாமி காரியம், யாரும் தடுக்க முடியாது.

ஏரி மண்ணைக் குழைத்து முந்தின நாளே உடம்பை முடித்துவிட்டான். மார்பு, கிரீடம், கதாயுதம், தொடைக்குள் குங்குமம் கரைத்த தண்ணீர்ப் பானை, எல்லாம் எப்போதும்போல. முகத்தை மட்டும் காலையில் தார்ப்பாய் மறைப்புக்குள் தனியாகச் செய்தான். மாட்டு வண்டிச் சக்கரம் அளவுக்கு முகம். கிட்டே நின்றால் மூக்கு ஒரு மேடு, வாய் ஒரு பள்ளம். இருபதடி தள்ளி நின்றால்தான் ஆள் தெரியும். கிட்டே நின்ற பூசாரிக்கு ஒன்றும் தெரியவில்லை. எலுமிச்சம்பழம் அறுத்து, கற்பூரம் காட்டி ராஜாவுக்குக் கண் திறந்தார். கண் திறந்துவிட்டால், ஒப்பாரி முடிந்து உயிர் போகும்வரை அந்த மண்ணில் யாரும் கை வைக்கக் கூடாது, செய்தவன்கூட.

தார்ப்பாயை எடுத்தார்கள். முதலில் ஒரு பையன் சிரித்தான். பிறகு ஒரு பக்கம் பூராவும் சிரித்தது. பிறகு திடலே புரிந்துகொண்டது. வெட்டுப்பட்ட புருவம், தொங்கும் உதடு. மைக் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், தோளில் சால்வையோடு உட்கார்ந்திருந்த ராஜமாணிக்கம் கடைசியாகத்தான் பார்த்தான். எழுந்தான், உட்கார்ந்தான். சிரிக்காவிட்டால் மானம் போகும், சிரித்தாலும் போகும். ஆகவே சிரித்தான். லோகுவைக் கிட்டே கூப்பிட்டு, சிரித்த முகம் மாறாமல், “திங்கக்கெழம கம்பெனிக்கு வா, பேசிக்கலாம்,” என்றான்.

“வரேன்,” என்றான் லோகு. வேலை போனால் போகிறது என்று அவன் எப்போதோ முடிவு செய்துவிட்டான்.

பெண்கள் வந்தார்கள். அம்மாடி, அந்த வருஷம் விழுந்த அடி! கம்பெனியில் புருஷனுக்கு லீவு கிடைக்காதவள், ஓவர்டைம் மறுக்கப்பட்டவள், வெறுமனே வேடிக்கைக்கு வந்தவள், எல்லோரும் அடித்தார்கள். “பேஜாரு புடிச்சவனே” என்று ஒருத்தி புருவத்தைப் பார்த்து அடித்தாள். லோகுவுக்கு மனசு குளிர்ந்தது. கன்னியம்மா மட்டும் துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவன் சைகை காட்டியும் எழுந்திருக்கவில்லை.

ராஜாவைக் கொல்லும் வேஷக்காரன் கதாயுதத்தோடு ஓடி வந்து தொடையில் ஓங்கி அடித்தான். பானை உடைந்தது. சிவப்புத் தண்ணீர் மண்ணில் பரவியது. ஜனம் கத்திய கத்தல் ரயில்வே கேட்வரை கேட்டிருக்கும். ராஜமாணிக்கம் சால்வை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

லோகு துடைப்பம் வரைக்கும்தான் கணக்குப் போட்டிருந்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மா இல்லை. அடிக்குப் பிறகு என்ன வரும் என்பது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இருந்தும் நினைக்கவில்லை.

வரதன் வந்தான். வெள்ளைப் புடவை, அவிழ்ந்த கூந்தல். நடையிலேயே பாதித் திடல் அடங்கிவிட்டது. ராஜாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, மண் நெற்றிக்கு நேரே கையை நீட்டிப் பாடினான்.

*பத்து மாசம் சொமந்தவ நான் – உன்ன*
*பாரமுன்னு சொன்னதில்ல*
*மண்ணெடுத்து போத்திக்கினு – என்*
*மவனே நீ தூங்குறியே*

இரண்டாவது அடியில் ஒரு கிழவர் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். நாலாவது அடியில் பெண்கள் பக்கம் விம்மல் கேட்டது. சற்றுமுன் புருவத்தைப் பார்த்து அடித்தாளே, அவளே மூக்கைச் சிந்தினாள். “ஆயிரந்தான் இருக்கட்டும், அவனும் நம்மூரு ஆளுதானே,” என்று யாரோ சொன்னது லோகுவின் காதில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் ராஜமாணிக்கமே சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். தன் சாவுக்குத் தானே அழுகிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்!

ஊரே சேர்ந்து அவனை மன்னித்துக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு ஒரு சொட்டு விடாத ஊர், அவனைக் கொன்றவனுக்குக் குடம் குடமாக அழுதது. அதற்கு முகம் செய்து கொடுத்தவன் லோகு. அதைவிட அசிங்கம், பாட்டு அவனையும் விடவில்லை. வரதன் மேல் வந்த கோபத்தில் அவன் குரல்வளையைப் பிடிக்கலாம்போல இருந்தது.

ஆனால் லோகு பிடித்தது மண்ணை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் ராஜாவின் மார்பில் ஏறி, அந்தத் தொங்கல் உதட்டில் இரண்டு கையையும் விட்டுப் பிடுங்கினான்.

“டேய்! இன்னும் உசுரு போவலடா!” என்று பூசாரி அலறினார்.

“என் அண்ணனுக்கும் அப்ப போவல சாமி! ஆஸ்பத்திரி போற வரைக்கும் இருந்திச்சி!”

நாலு பேர் அவனை இழுக்க வந்தார்கள். வரதன் பாட்டை நிறுத்தவில்லை. தாய் அழுதுகொண்டிருக்கும்போது அவளைத் தாண்டி யாரும் ராஜாவைத் தொட முடியாது. அவன் புடவையை விரித்துக் குறுக்கே உட்கார்ந்துவிட்டான். வந்தவர்கள் நின்றார்கள்.

வெயிலில் மண் இறுகியிருந்தது. லோகு கீழே குதித்து, தொடையில் தேங்கின சிவப்புத் தண்ணீரை அள்ளி வந்து ஊற்றிப் பிசைந்தான். மீசை போனது. புருவத் தழும்பு ஒரே தேய்ப்பில் போனது. கன்னத்தை அமுக்கி ஒடுக்கினான். இரண்டு பக்கமும் காதை விரித்துவிட்டான். கடைசியாக, சிரிக்காதபோதும் சிரிக்கிற மாதிரித் தெரியும் அந்த முன்பற்கள். அந்தப் பல்லுக்காகச் சின்ன வயதில் அண்ணனை எத்தனை கேலி செய்திருப்பான்! செய்து முடித்து இறங்கியபோது அவன் முழங்கை வரைக்கும் சிவப்பாக இருந்தது.

இருபதடி தள்ளி நின்ற ஜனத்துக்கு அது யார் என்று தெரிந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

வரதன் திரும்பி முகத்தைப் பார்த்தான். மூச்சை இழுத்துக்கொண்டான். அந்தப் பாட்டில் இல்லாத அடி ஒன்றை எடுத்தான்.

*மஞ்சக் காப்பு காயலியே – உன் மேல*
*சாராயம்னு சொன்னதாரு*
*சங்கிலிதான் அறுந்துபோச்சி – கண்ணே*
*சத்தியமும் அறுந்துபோச்சா*

அப்போதுதான் கன்னியம்மா எழுந்தாள். துடைப்பத்தைக் கீழே போட்டாள். நடந்து போய் அந்தப் பெரிய மண் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்தாள். ஒரு வருஷமாக முந்தானைக்குள் அடைந்து கிடந்தது வெளியே வந்தது. அதை ஒப்பாரி என்று சொல்ல முடியாது, அதில் வார்த்தையே இல்லை. வரதன் பாட்டை விட்டுவிட்டு அவளோடு சேர்ந்து அழுதான். பெண்கள் எழுந்து வந்து மாரடித்தார்கள். ஒரு வருஷம் தள்ளி நடந்த சாவு அது. லோகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அழுது ஓய்ந்தபோது, ஒவ்வொரு தலையாக மைக் பக்கம் திரும்பியது. நாற்காலியில் ராஜமாணிக்கம் இருந்தான். பக்கத்தில் இருந்த கமிட்டிக்காரர்கள் எப்போது எழுந்து போனார்கள் என்று தெரியவில்லை. அவனும் எழுந்தான். ஆனால் போக வழி இல்லை. பெண்கள் நின்றார்கள், சிலர் கையில் இன்னும் துடைப்பம் இருந்தது.

படுகளம் முடிந்தால் ராஜாவின் உடம்பிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்துப் போவார்கள். வீட்டில் வைத்தால் நல்லது. முதல் பிடி கமிட்டித் தலைவருக்கு. அது மரியாதை, வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

பூசாரி தயங்கினார். கன்னியம்மா தயங்கவில்லை. பிள்ளையின் வாயிலிருந்து ஒரு பிடி கிள்ளி எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே நடந்து வந்தாள். ராஜமாணிக்கம் இரண்டு கையையும் நீட்டினான். நீட்டித்தான் ஆக வேண்டும். ஈர மண்ணை அவன் கையில் வைத்து, விரலை மூடிவிட்டாள்.

“அவன் வாயிலேர்ந்து எடுத்தாந்தேன். மோந்து பாரு.”

“கன்னிம்மா, எதுவா இருந்தாலும் அப்பறம் பேசலாம்...”

“மோந்து பாருன்னு சொன்னேன். நெடி அடிக்குதா?”

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். யாரும் கண்ணை எடுக்கவில்லை. கையை மூக்குவரை கொண்டு போனான். சிவப்புத் தண்ணீர் மணிக்கட்டு வழியாகச் சால்வையில் சொட்டியது.

“இல்ல,” என்றான்.

கன்னியம்மா நாற்காலிக்குப் பக்கத்திலிருந்த மைக்கை எடுத்து அவன் வாய்க்கு நேரே பிடித்தாள்.

“இதுல சொல்லு.”