மீடியம் சைஸ் தாடை

என் வீட்டுக்காரரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். அவருக்குக் கப்பல் கிடையாது. இரண்டு ரப்பர் படகுகளும், கடலுக்கடியில் நீந்தச் சொல்லித்தரும் ஒரு பள்ளியும், எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் ஒரு வாயும் உண்டு. 'தெரியாது' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. பதினோரு வருடமாகக் காத்திருக்கிறேன்.

அந்தப் பள்ளியில் சிலிண்டரில் காற்று நிரப்புவது, ஈர உடைகளை அலசிக் காயப்போடுவது, மாணவர்களின் படிவங்களை அடுக்குவது எல்லாம் என் பாடு. காலம் முழுக்க அலசிக்கொண்டே இருக்க முடியாது என்று பயிற்சியாளர் தேர்வுக்குப் பெயர் கொடுத்தேன். தேறினால் எனக்கென்று தனி வகுப்பு. இல்லாவிட்டால் அடுத்த தேர்வு இரண்டு வருடம் கழித்து. அதுவரை ஈர உடைகளும் நானும்தான்.

பெயர் கொடுத்த வாரமே கேப்டன் எனக்கொரு பரிசு தந்தார். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டருக்குப் புது மவுத்பீஸ். தண்ணீருக்குள் மூச்சு விடுவதற்காகப் பல்லால் கவ்விக்கொள்ளும் ரப்பர் துண்டு அது.

"புது மாடல். உன் வாய்க்குன்னே ரெடி பண்ணி மாட்டிட்டேன்," என்றார். நானும் உருகிப்போனேன்.

அடுத்த மாதம் காதுக்கு முன்னால் வலி ஆரம்பித்தது. நாற்பது நிமிடம் முங்கிவிட்டு வந்தால் கொட்டாவி விடக்கூடப் பயமாக இருக்கும். தாடை டக்கென்று ஒரு பக்கம் இழுக்கும். ஆறாவது மாதம் வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறந்தது. ஆப்பிளை ஸ்பூனால் சுரண்டித் தின்றேன்.

கேப்டன் என் வாயை ஒரு தரம்கூடப் பார்க்காமல் திருவாய் மலர்ந்தார். முதலில், "நீ ரொம்பப் பேசுற," என்றார். பேச்சைக் குறைத்தேன். வலி குறையவில்லை, அவருக்கு நிம்மதி மட்டும் கூடியது. பிறகு தலையணை மேல் பழி போட்டார். அதையும் மாற்றினேன். கடைசியில்தான் உண்மையைக் கண்டுபிடித்தார்.

"உனக்குப் பயம்மா. பயப்படுறவங்கதான் தண்ணிக்குள்ள பல்லை இறுக்கிக் கடிப்பாங்க."

"எனக்குப் பயமே இல்லைங்க."

"பாத்தியா? பயப்படுறவங்க எல்லாரும் இதையேதான் சொல்வாங்க."

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பெயரை விலக்கிக்கொள்ளும் கடிதத்தை அவரே டைப் அடித்து வந்து நீட்டினார். கையெழுத்து போட மட்டும் இடம் விட்டிருந்தார். எவ்வளவு பெரிய மனசு! நானும் பேனாவை எடுத்துவிட்டேன். ஒருவேளை எனக்குப் பயம்தானோ என்று அதற்குள் எனக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது. ஆனாலும் கை வரவில்லை. ஒரு தடவை பல் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். கேப்டனும் கூடவே வந்தார், டாக்டருக்குப் பாடம் எடுக்க.

டாக்டர் அதிகம் பேசாத பெண். என் தாடை மூட்டை அழுத்திப் பார்த்தார், கடித்துக் காட்டச் சொன்னார். பிறகு நான் பையில் கொண்டுபோயிருந்த மவுத்பீஸைக் கேட்டு வாங்கி விளக்கடியில் பிடித்தார்.

"இது சுடுதண்ணில போட்டுக் கடிச்சு, பல் அச்சு எடுக்குற வகை. நீங்க கடிச்சீங்களா?"

"இல்லையே. இப்படியேதான் வந்துச்சு."

"இந்த அச்சு உங்களோடது இல்ல. இடது பக்கம் கீழ ஒரு கடைவாய்ப் பல் இல்லாத ஆள் கடிச்சது. கீழ்த்தாடையை முன்னால தள்ளி வேற கடிச்சிருக்காங்க. இதைக் கவ்வுறப்ப எல்லாம் உங்க தாடை அவங்க தாடை இருந்த இடத்துக்குப் போகுது. மூட்டு வலிக்காம என்ன பண்ணும்?"

நான் கேப்டனைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கு அந்தப் பல்லைப் பிடுங்கியபோது பஞ்சோடு பக்கத்தில் நின்றவளே நான்தான்.

"சூடான ரப்பராச்சே, உனக்கு வாய் வெந்துடப் போகுதேன்னு நானே கடிச்சு வெச்சேன்," என்றார் மெதுவாக. "ரெண்டு பேருக்கும் மீடியம் சைஸ்தானே?"

செருப்பு வாங்கினால்கூட என் காலைக் கேட்டு வாங்குகிற உலகம் இது. டாக்டர் சிரிப்பை முகமூடிக்குள் அடக்கிக்கொண்டார்.

இரண்டு வாரம் தண்ணீரில் இறங்கக் கூடாது, கடினமானதை மெல்லக் கூடாது, வெந்நீர் ஒத்தடம். கடைசிக் கடைவாய்ப் பல் வரை படிந்து, இறுக்கிக் கடிக்காமலே வாயில் நிற்கிற வேறொரு மவுத்பீஸ் வாங்கினேன். தாடையை முன்னால் தள்ளாமல், இருந்த வாக்கில் விட்டு நானே கடித்து அச்செடுத்தேன். வாய் ஒன்றும் வெந்துவிடவில்லை.

தேர்வன்று, மயங்கியதுபோல் நடித்த கனத்த தேர்வாளரைக் கடலடியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தேன். மேலே வந்ததும் அவர் கண்ணைத் திறந்து, "பாஸ்," என்றார்.

கேப்டன் எனக்குக் கைகொடுத்துப் படகில் ஏற்றினார். தேர்வாளர் காதில் விழும்படி, "பாத்தியா? பயம் போயிடுச்சு. நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார்.

வலியைக்கூட நான் மன்னித்துவிட்டேன். ஆனால் இந்த மனிதரை நம்பி என்னை நானே கோழை என்று நினைத்திருந்தேனே, அதை நினைத்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. படகில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"எனக்கு என்னைக்கும் பயம் இருந்ததில்லைங்க. என் வாயில இருந்தது உங்க பல்லு."