தந்தி எழுத்து

1

எனக்கு வந்த ஒரு மின்னஞ்சலில் அட்டவணை அலங்கோலமாகக் கிடந்தது. எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள பழைய எழுத்துருவுக்கு மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். எல்லாம் தன் தன் இடத்தில் போய் நின்றது. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குப் பயமாகிவிட்டது. இந்தக் கதை அந்தப் பயத்தில் பிறந்தது.

தரங்கம்பாடியில் அன்று கடல்…

(வேண்டாம். கடலில் ஆரம்பிக்கும் வியாதி எனக்கு உண்டு.)

2

நஜ்மாவின் கணவன் யூனுஸ் ஷார்ஜாவில் இருந்தான். ஜாஃபர் சாதிக்கின் பிரவுசிங் சென்டருக்கு மெயில் அனுப்புவான். ஜாஃபர் அச்செடுத்துக் கொடுப்பார். முதலில் எல்லா எழுத்தும் ஒரே அகலம். ஒல்லிக்கும் குண்டுக்கும் ஒரே அளவு நாற்காலி.

"தந்தி மாதிரி இருக்கு நானா, படிக்கவே பயமா இருக்கு" என்றார்கள், அவரை அண்ணன் முறை வைத்து அழைக்கும் தெருப் பெண்கள். அந்தத் தெருவுக்குத் தந்தி என்றால் ஒரே சேதிதான். ஜாஃபர் இரக்கப்பட்டு, எழுத்துக்கு ஏற்ற அகலம் உள்ள அழகான எழுத்துக்கு மாற்றிவிட்டார். அதிலிருந்து யூனுஸின் மெயில்களுக்கு அடியில் கோடும் புள்ளியும் சிதறிக் கிடந்தன. குப்பை என்று நினைத்து ஜாஃபர் அதைக் கத்தரித்துவிட்டுக் கொடுப்பார்.

3

பெருநாளுக்குப் பிறகு யூனுஸிடமிருந்து போன் இல்லை. அறையில் அவன் இல்லை என்றார்கள் கூட இருந்தவர்கள். மெயில் மட்டும் வந்தது. ஒருநாள் ஜாஃபர் கத்தரிக்குமுன் அடியில் கிடந்த கோடுகளை நஜ்மா திரையில் பார்த்துவிட்டாள்.

"அடியில இருக்கறதப் பழைய எழுத்துல காட்டுங்க நானா" என்றாள்.

ஜாஃபர் மாற்றினார். கோடுகள் ஒன்றுகூடி நஜ்மாவின் வீடாயின. கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னல். போன மாதம்தான் அதைத் திறந்தாள், அவனிடம் சொல்லவில்லை. தெருக்கோடியில் ஒரு ஆள். அடுத்த மெயிலில் அந்த ஆள் வாசலில். அதற்கடுத்ததில் படியில்.

"ஜன்னலப் பத்தி யாரு சொன்னா?"

"நான் சொல்லலம்மா."

(யூனுஸ் உயிரோடு இருக்கிறானா என்று என்னைக் கேட்காதீர்கள். அவனை எழுதும்போதெல்லாம் பாதியில் நிறுத்திவிடுகிறேன்.)

4

நான் எழுதிய ஒரு முடிவில் அவன் பெட்டியோடு வந்து இறங்கினான். நஜ்மா நம்பவில்லை, கிழித்துவிட்டேன். இன்னொரு முடிவை எழுத மனம் வரவில்லை.

இன்று புது மெயில் வந்திருக்கிறது. மேலே 'நலம்' என்ற ஒரே சொல். அடியில் சிதறல்.

"மாத்தட்டுமாம்மா?" ஜாஃபரின் குரல் இறங்கியிருந்தது. "வீட்டப் பூட்டிட்டுத்தானே வந்தே?"

நஜ்மாவுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் படியேறும் அந்த ஆள் யூனுஸ் என்றால், எப்படி வந்தாலும் அவன் அவன்தானே என்று தோன்றியது. அவ்வளவு ஆசையாக இருந்தது அவளுக்கு.

"வேணாம் நானா. அவங்கள வீட்டுலயே போய்ப் பாத்துக்கறேன்."

சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் அவள் பின்னால் போகப்போவதில்லை. மெயில் இன்னும் திறந்தே இருக்கிறது. எழுத்தை மாற்றிப் பார்க்க உங்களுக்குத் துணிச்சல் இருந்தால், அவள் கதவைத் திறப்பதற்குள் பாருங்கள்.